எங்கள் இல்லத்துப் பிள்ளைகளின் இணையவழிப் படிப்புக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் இல்லத்தில், பெற்றோருடன் வாழ இயலாத நிலையில் நீதிமன்ற ஆணையின்படி வளர்ந்துவரும் பிள்ளைகளின் மாலைநேர இணையவழிப் படிப்புக்கு இவ்வாண்டு முழுவதும் கைகொடுத்த உங்கள் அனைவருக்கும், இல்லத்தின் கல்விப் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்பிள்ளைகள் எவ்வகையிலும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய படிப்புதான் இடையிடையே அறுபட்டுப்போயிருக்கிறது. உறவினர் வீடு, தற்காலிகப் புகலிடம், வளர்ப்புக் குடும்பம், அதன்பின் இல்லம் என்று இடம் மாறும்போது பெரும்பாலும் பள்ளியும் மாறிவிடுகிறது. ஒரு பள்ளியில் பின்னக் கணக்குத் தொடங்குமுன் கிளம்பி, அடுத்த பள்ளியில் அது நடத்தி முடிக்கப்பட்ட பிறகு போய்ச் சேரும் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தைக் கண்டு மிரள்வதில் வியப்பில்லை. நிரம்பி வழியும் வகுப்பறையில் அந்த ஒரு பிள்ளைக்காக ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்பிச் செல்ல எந்த ஆசிரியருக்கும் நேரமிராது. இணையவழிப் படிப்பில் அது முடிகிறது. கான் அகாதெமி என்ற இலவசக் கற்றல் தளத்தில் பின்னத்தின் முதல் பாடத்திலிருந்தே தொடங்கலாம். நம் நாட்டிலேயே உருவான சியாவுலா என்ற கணித, அறிவியல் பயிற்சித் தளத்தில், விடை தவறினால் முழுச் செய்முறையும் கண்முன் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை நாளை வேறு இடத்துக்குப் போனாலும் அவனுடைய பயனர் கணக்கும் அதுவரை படித்த பதிவும் அவனுடனேயே போகின்றன.

ஆனால் திரை மட்டும் போதாது என்பதை எங்களுக்கு உணர்த்தியவர், டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து காணொளி வழியே கற்பிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஐயா அவர்கள். விடையை அவர் முதலில் கேட்பதில்லை, நோட்டுப் புத்தகத்தைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, "இந்த வரி எப்படி வந்தது, தம்பி?" என்றுதான் கேட்பார். தொடக்கத்தில் எழுதியதை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்த ஒரு பையன், இப்போது அடித்தல் திருத்தல்களோடு பக்கத்தைத் தானாகவே தூக்கிக் காட்டுகிறான். எத்தனை மதிப்பெண் வந்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

2023இல் லோட் ஷெடிங் எனப்படும் சுழற்சிமுறை மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது படிப்பு அடிக்கடி நின்றுபோனதை மறக்க முடியாது. கூலி வாங்காமல் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பொருத்திக்கொடுத்த மின்பணியாளர் சகோதரருக்கும், இணையம் இல்லாமலே பாடம் படிக்க உதவும் கொலிப்ரி மென்பொருளை நிறுவித்தந்த இளைஞருக்கும் எங்கள் நன்றி. பாடங்களை ஒரு கணினியில் ஒருமுறை இறக்கிவைத்துவிட்டால், வீட்டு வைஃபை வழியாகவே மற்றப் பிள்ளைகளும் படிக்கலாம். டேட்டா தீர்ந்துவிடுமே என்ற கவலை இல்லை. பழைய மடிக்கணினிகளைத் துடைத்துச் சீராக்கி அனுப்பிய கோயில் மகளிர் குழுவினருக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

பிள்ளைகளின் படங்களை அனுப்பும்படி உங்களில் சிலர் அன்போடு கேட்டிருந்தீர்கள். சிறுவர் நீதிமன்ற நடவடிக்கைக்கு உட்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடச் சட்டம் இடந்தராது. சட்டம் இல்லாவிடினும், தன் கதையை யாரிடம் எப்போது சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. அதைப் புரிந்துகொண்டு, படம் கிடைக்காதபோதும் உதவியைத் தொடர்ந்தீர்களே, அதற்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

எங்கள் சமூகநலப் பணியாளருக்கும் இங்கே நன்றி கூற வேண்டும். 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர்களும் படிப்பை முடிப்பதற்காக 21 வயதாகும் ஆண்டின் இறுதிவரை பராமரிப்பில் தொடர அனுமதி பெறலாம். உரிய காலத்தில் அவர் விண்ணப்பித்ததால்தான் எங்கள் மூத்த பெண் ஒருத்தி, இருப்பிடம் பற்றிய அச்சமின்றி மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வை எழுத முடிந்தது.

ஜனவரியில் பள்ளிகள் திறந்ததும் மாலை வகுப்புகள் மீண்டும் தொடங்கும். இயற்பியலும் சூலு மொழியும் கற்பிக்க முன்வருவோரைப் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறார்கள்.

நன்றியுடன்,
கல்விப் பொறுப்பாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.