வைரஸுக்கும் கேன்சருக்கும் நடுவுல இருக்கிற வருஷங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்ல கட்டுரைதான், ஆனா படிச்ச எங்க பக்கத்து வீட்டு அக்கா, இந்த கேன்சர வரவைக்கிற ஹெச்பிவி-ங்கிற வைரஸ் வந்தாலே கேன்சர்தான்னு பயந்துட்டாங்க, அதான் எழுதுறேன். நான் பேத்தாலஜி லேப்ல 18 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன்.

இந்த வைரஸ் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அத விரட்டிரும். சிலருக்குத்தான் உள்ளயே தங்கிரும், அதுவும் 16, 18 வகைன்னா ஆபத்து ஜாஸ்தி. டிஎன்ஏ-ல பழுது இருந்தா செல்ல பிரிய விடாம புடிச்சு வைக்கிறது பி53ன்னு ஒரு புரதம், வைரஸோட ஈ6ங்கிற புரதம் அத அழிச்சிரும், ஈ7ங்கிற இன்னொரு வைரஸ் புரதம் ஆர்பி-ங்கிற இன்னொரு பிரேக்க பிடுங்கிரும், அப்புறம் பழுதோடயே செல் பிரிஞ்சு பிரிஞ்சு, டிஎன்ஏ சுருண்டு இருக்கிற குரோமோசோமெல்லாம் உடைஞ்சு இடம் மாறி கூடக்குறைய ஆயிரும். பயாப்ஸிக்கு வெட்டி எடுத்த சதையோட ஸ்லைடுல நானே பாத்திருக்கேன், ரெண்டு பக்கமா பிரிய வேண்டிய செல் மூணு பக்கமா இழுபட்டு நிக்கும், பாத்தாலே மனசு பதறும். 1951ல அமெரிக்காவுல ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கிற அம்மாவோட கர்ப்பப்பை வாய் கட்டியில எடுத்து, லேப்ல இன்னும் வளத்துட்டு இருக்கிற ஹீலா செல்லுல 46 குரோமோசோமுக்கு பதிலா 70க்கு மேல இருக்கு, 18ம் வகை வைரஸோட ஜீன் அதுல ஒட்டிக்கிட்டு இன்னும் வேலை செய்யுது.

இவ்வளவும் ஒரே நாள்ல நடக்குறதில்ல சார், பொதுவா 15, 20 வருஷம் ஆகும். அந்த வருஷங்கள்ல எப்ப பாத்திருந்தாலும் புடிச்சிருக்கலாம். எங்க பெரியம்மாவுக்கு தீட்டு நின்னு ஆறு வருஷம் கழிச்சு மறுபடி பட்டுச்சு, ஒரு கிளினிக்ல சூடுன்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, உள்ள ஒரு தடவ கூட பாக்கல. எங்க லேபுக்கு அவங்க பயாப்ஸி வந்தப்ப ஸ்லைடு போட்டது நான்தான்.

எங்க திண்டுக்கல் மாவட்டத்துலதான் 2000ல ஆரம்பிச்சு 30லருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை வாயில அசிட்டிக் ஆசிட் தடவி பாத்து பெரிய ஆய்வு பண்ணாங்க. தடவுனா கெட்டுப்போன இடம் வெள்ளையா தெரியும், அவ்வளவுதான் டெஸ்ட். அப்படி பாத்த ஊர்கள்ல இந்த கேன்சர்ல சாவு 35 சதவீதம் கொறஞ்சுதுன்னு 2007ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகையில வந்துச்சு. இந்த ஊர் ஆளுங்களுக்கே அது தெரியல.

30 வயசு தாண்டுனவங்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலயே இந்த டெஸ்ட் இருக்கு. எந்தெந்த ஊர்ல என்னிக்கு பண்றாங்கன்னு மாசம் ஒரு தடவ உங்க பேப்பர்ல போடுங்க சார், ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்