கொப்பாங்கிலிருந்து அப்பாவுக்கு

கொப்பாங், நோர்வே
ஐப்பசி கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்களுடைய சுகத்தையும் அம்மாவின் கண் எப்படி என்பதையும் அறிய ஆவல். போனில் கதைத்தால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை அம்மா தன் பாட்டுக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறா. போன கிழமை வந்த குழப்பமும் அதனால்தான். "தம்பி அங்கே துவக்குக்குச் சன்னம் செய்கிறானாம்" என்று அம்மா சொன்னதும் நீங்கள் எழும்பி நகைப் பட்டறைக்குள் போய்விட்டீர்களாம். அக்கா சொன்னா. ஆகவே இதை ஆறுதலாக எழுதுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில், நான் ஒரு இயக்கத்திலும் சேரவில்லை. இங்கே வேட்டைக்குப் போகிறேன், அதற்கு வேண்டிய வெடியை நானே நிறைக்கிறேன், அவ்வளவுதான். நான் இருக்கிற கொப்பாங், குளொம்மா ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள சின்ன ஊர். சுற்றிவரப் பைன் காடு. காட்டில் எல்க் என்ற மிருகம். எங்கள் மரையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குதிரையை விட உயரம். பெரிய ஆண் 400, 500 கிலோவுக்கு வரும். பனிக்காலத்தில் இறங்கி வந்து ரயில் பாதையிலும் பெருந்தெருவிலும் நின்று அடிபடும். தெருவோரத்தில் 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு எல்க் சிலையே வைத்திருக்கிறார்கள், 2015இல் வைத்தது, முழுக்கத் துருப்பிடிக்காத உருக்கு. மினுக்கிய மினுக்கில் முகம் தெரியும். நீங்கள் பார்த்தால் ஒட்டு எங்கே போட்டிருக்கிறார்கள் என்றுதான் தேடுவீர்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில்தான் அவருடைய மனைவி கடைசி இரண்டு வருடமும் இருந்தா. அப்படித்தான் பழக்கம். மனதுக்குள் அவரை அப்பு என்றுதான் கூப்பிடுகிறேன். மனைவி போன பிறகு ஒருநாள் வந்து, "வேட்டைக்கு வருகிறாயா? பின்னேரத்தில் நான் தனிய இருக்கிறேன்" என்றார். இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்கு அப்போதே விளங்கியது.

நினைத்தவுடன் போக முடியாது. 30 மணித்தியால வகுப்பு, பிறகு சோதனை, பிறகு பொலிசில் அனுமதி, துவக்கை வைக்க இரும்பு அலுமாரி. அதற்கு மேலே ஒவ்வொரு வருடமும் சுடும் சோதனை. துருவ மான் உருவம் வரைந்த பலகை 100 மீற்றர் தள்ளி நிற்கும். 5 வெடி. ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேணும். ஒன்று வெளியே போனாலும் தவறு, திரும்ப முதலிலிருந்து. அதோடு, காயப்பட்டு ஓடினால் தேடிப் பிடிக்கப் பழகிய நாய் ஒன்றுக்கு ஏற்பாடு செய்யாமல் எல்க் வேட்டைக்கு இறங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மிருகம் நோகக் கூடாது என்று இவ்வளவு கட்டுப்பாடு. நாங்கள் வளர்ந்த காலத்தில் மனிசருக்கு இது இருக்கவில்லை.

சுடும் திடலுக்கு முதல் நாள் போனதை உங்களுக்குச் சொல்ல வேணும். பக்கத்து இடத்தில் யாரோ சுட்டார்கள். சத்தம் கேட்ட மறு நொடி நான் நிலத்தில் குந்திவிட்டேன், கை இரண்டும் தலைக்கு மேலே. இத்தனை வருடத்துக்குப் பிறகும் உடம்பு மறக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். அப்பு ஒன்றும் கேட்கவில்லை. போத்தலைத் திறந்து கோப்பி வார்த்துத் தந்தார். அன்றைக்குச் சுடவும் விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கராஜைத் திறந்தார்.

அப்பா, அது உங்கள் பட்டறை. உண்மையாகச் சொல்கிறேன். உயரம் குறைந்த மேசை, தலைக்கு மேல் ஒரு விளக்கு, குறடு, அரம், துணித்துண்டு, சின்னச் சின்னப் பெட்டி, நடுவில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு தராசு. காற்று ஊசியைத் தொடக் கூடாதென்று நீங்கள் வைத்திருப்பது போலவே. 95 ஒக்டோபரில் தென்மராட்சிக்கு நடந்தபோது, சோற்றுப் பானையை விட்டுவிட்டு அந்தத் தராசைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று அம்மா இன்னும் ஏசுகிறாவே, அந்தத் தராசின் தம்பி மாதிரி.

அங்கே நடக்கிற வேலை இதுதான். வெடி வைத்த பிறகு பித்தளைக் கோது மிஞ்சும். கஸ்தூரியார் வீதிக்குத் திரும்பி வந்த காலத்தில் வேலியோரம் நான் பொறுக்கி வர, நீங்கள் கையிலிருந்து பறித்துக் கிணற்றுக்குப் பின்னால் எறிந்தீர்களே, அதே சாமான். இவர்கள் அதை எறிவதில்லை. அடியில் தீப்பொறி தருகிற பழைய கேப்பைத் தட்டி எடுத்து, கோதை உருக்கு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, சன்னத்தைக் கோதின் வாயில் இருத்துகிறார்கள். ஒரு துவக்கின் குழலுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வது. இன்னொருவன் துவக்கில் நன்றாகப் போவது என் துவக்கில் சிதறும். விரலுக்கு அளவெடுத்து மோதிரம் செய்கிற மாதிரி.

நிறுவைக்கு இவர்கள் கிரெயின் என்ற பழைய ஆங்கில அளவைத்தான் இன்னும் பாவிக்கிறார்கள். ஒரு பார்லி மணியின் எடையிலிருந்து வந்ததாம். 1 கிராமுக்குக் கிட்டத்தட்ட 15 அரை கிரெயின். நான் உடனே மனதில் கணக்குப் போட்டேன்: ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின் வரும். எங்கள் சன்னம் 156 கிரெயின், 10 கிராமுக்குக் கொஞ்சம் கூட. அதாவது ஒன்றேகால் பவுண். எல்க்குக்கு 10 கிராமுக்குக் குறைந்த சன்னம் போட்டால் சட்டம் இன்னும் கூடிய தாக்கு சக்தி கேட்கிறது. அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் பாரமானதையே விரும்புகிறார்கள். துவக்கின் அளவு 6.5 மில்லிமீற்றர், கோது 55 மில்லிமீற்றர் நீளம். நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசனின் கீழ் இருந்த காலத்தில் இரண்டு நாட்டுப் படைகளுக்குமாகச் சேர்ந்து நிர்ணயித்த அளவு இது, 1890களில். போருக்கென்று செய்தது இப்போது எல்க் இறைச்சிக்கு உதவுகிறது.

அப்புவிடம் அவருடைய தகப்பனின் கிராக் என்ற பழைய படைத் துவக்கு ஒன்றும் இருக்கிறது, கொங்ஸ்பெர்க்கில் செய்தது. அதற்கும் இதே கோதுதான். ஆனால் அந்தப் பழைய பூட்டை முன்பக்கம் ஒரே ஒரு பல்தான் தாங்குகிறது, மருந்து கூடிவிட்டால் தாங்காது. அதற்கென்று மருந்து குறைத்து நிறைத்ததைச் சிவப்பு மூடிப் பெட்டியில் தனியே வைத்திருக்கிறார். என் பெட்டி அந்தத் தட்டுக்குக் கிட்டவே போகக் கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டின்தான். நிறுக்கும்போது கதை இல்லை, ரேடியோ இல்லை. நீங்கள் ஊதுகுழலை வாயில் வைத்திருக்கும்போது நான் கேள்வி கேட்டு வாங்கிய குட்டு ஞாபகம் வந்தது. நிறைத்து முடிந்ததும் ஐம்பது கோதையும் தட்டில் நிறுத்தி, டோர்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பார். ஒன்று நிறையாமல் போனாலும் ஆபத்து, இரண்டு தரம் நிறைந்தாலும் ஆபத்து.

இரண்டாம் கிழமையே நான் ஒரு வேலை பார்த்தேன். அச்சுக்குள் தள்ளுமுன் கோதுக்கு மெல்லிசாகக் கிறீஸ் பூச வேணும். அவசரத்தில் ஒன்றுக்குப் பூச மறந்துவிட்டேன். உள்ளே போனது, வெளியே வரவில்லை. பலம் போட்டுக் கைப்பிடியை இழுத்தேன், கோதின் அடி விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது, மீதி அச்சுக்குள். அப்பு ஏசவில்லை, பெருமூச்சு விட்டார். கோதின் அடியில் துளை போட்டு, புரி வெட்டி, ஒரு ஆணியை முடுக்கி முடுக்கி மெதுவாக உருவி எடுத்தார். அரை மணித்தியாலம். பிறகு அந்தப் பிய்ந்த கோதை என் முன்னால் மேசையில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் நான் அவரை மடக்கினேன். நாலைந்து தரம் பாவித்த கோதின் கழுத்து வெடிக்கத் தொடங்கியது. "பித்தளை கிழடாகிவிட்டது" என்றார். நான் சொன்னேன், கிழடு இல்லை, இறுகிவிட்டது, தட்டத் தட்ட இறுகும், காய்ச்சினால் இளகும். அவருக்கு அது தெரியும், தம்பிமார் யாரோ செய்வதைப் பார்த்திருக்கிறார், தான் துணியவில்லை. கழுத்தை மட்டும் காய்ச்ச வேணும், அடிப்பக்கம் இளகிவிட்டால் கோது பாழ், சுடுகிறவனுக்கும் ஆபத்து. விளக்கை அணைத்துவிட்டு, சின்னச் சுவாலையில் கோதைச் சுழற்றி, கழுத்தில் நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துக் காட்டினேன். நீங்கள் கம்பி இழுக்கும்போது இருட்டில் நிறம் பார்க்கச் சொல்லித் தந்தது. "இதை நீ எங்கே படித்தாய்?" என்றார். அப்பாவிடம் என்றேன். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது.

சரி, சுட்ட கதைக்கு வருகிறேன். அளவுப் புத்தகத்தில் உள்ள மிகக் குறைந்த மருந்தளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று வெடி வைத்தேன். ஒரு அளவில் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. இங்கத்தைய ஒரு குரோனர் காசை வைத்தால் மூன்று ஓட்டையும் மறைந்துவிடும். தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அப்பு பார்த்துவிட்டு, "அதே அளவில் இன்னும் ஏழு சுடு" என்றார். சுட்டேன். பத்தும் சேர்ந்து 36 மில்லிமீற்றர் விரிந்தது. மற்ற அளவுகளையும் பத்துப் பத்தாகச் சுட்டால் எல்லாம் கிட்டத்தட்ட அதே விரிவுதான். நான் கண்டுபிடித்த அருமையான அளவு, அருமையே இல்லை. உரைகல்லில் ஒரு இடத்தை உரசிப் பார்த்து முழுச் சங்கிலியையும் நம்பினேன், அவ்வளவுதான். உண்மையில் வித்தியாசம் காட்டியது சன்னத்தை மாற்றியபோது மட்டும். ஒரு வகை 60 மில்லிமீற்றருக்குச் சிதறியது, இன்னொன்று 30க்குள் நின்றது. மருந்தை மயிரிழையில் கூட்டிக் குறைத்து இரவு இரவாக மினக்கெடுகிற ஆட்கள் இங்கே நிறைய. அப்புவின் கொப்பியில் நாற்பது வருடக் கணக்கு இருக்கிறது, அதைப் புரட்டினால் அந்த மினக்கேட்டில் பெரும்பகுதி வீண் என்றுதான் எனக்குப் படுகிறது.

சன்னத்தை எவ்வளவு ஆழத்தில் இருத்துவது என்பதிலும் அவர் பிடிவாதம் வேறு. வெளியே நீட்டி, குழலின் வரிகளில் முட்டும்படி வைத்தால் சிலவேளை இன்னும் கூடிவரும். ஆனால் வேட்டையில் சுடாமலே பூட்டைத் திறந்தால் சன்னம் குழலில் சிக்கி நின்றுவிடும், மருந்து முழுக்கத் துவக்குக்குள் கொட்டும். காட்டுக்கு அது தேவையில்லை என்பார். குளிரும் ஒரு கணக்கு. ஆவணியில் வெயிலில் பார்த்த வேகம், மார்கழியில் சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் குறைந்துவிட்டது. கருவி வைத்துப் பார்த்தோம், வினாடிக்கு 20 மீற்றர் குறைவு. 100 மீற்றரில் அது அரைச் சென்ரிமீற்றர் கீழே இழுக்கும். எல்க்குக்கு அது தெரியாது, ஆனாலும் பார்த்து எழுதி வைத்தார்.

"துவக்கு 3 சென்ரிமீற்றருக்குச் சுடுகிறது. நீ நின்றுகொண்டு 20 சென்ரிமீற்றருக்குச் சுடுகிறாய். இனி எதைத் திருத்த வேணும்?" என்று கேட்டார். பிறகு இரண்டு மாதம் கராஜில் வெறும் துவக்கோடு நின்று பழகினேன்.

இதில் எனக்குக் கிடைத்தது என்ன என்று அக்கா கேட்டா. இப்போது சத்தம் கேட்டால் நான் குந்துவதில்லை. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், நெஞ்சு ஒரு தரம் அடிக்கும். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் நிறுத்துப் போட்டது. நான் பார்த்து எண்ணியது.

வேட்டை செப்டம்பர் 25இல் தொடங்கியது. மூன்றாம் நாள் காலை, நரைத்த நாய் ஒன்று காட்டுக்குள் விடாமல் குரைத்தது. நான் நின்ற இடத்துக்கு ஒரு கன்று வந்தது, 70 மீற்றர். தாயை விட்டுக் கன்றைச் சுடு என்பது இங்கே முறை, தாயைச் சுட்டால் கன்று பனியில் தவிக்கும். ஒரு வெடி. ஐம்பது மீற்றர் ஓடி விழுந்தது. எட்டிப் பார்த்தபோது கண் அசையவில்லை. கை நடுங்கி, கோதைப் பொறுக்க இரண்டு தரம் குனிய வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம். இறைச்சியைப் பங்கு போட்டார்கள், என் பங்கை அம்மா அனுப்பிய தூள் போட்டுக் காய்ச்சி அப்புவுக்குக் கொண்டுபோனேன். மூக்கால் தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டார், பிறகு அரைக் கோப்பைக்கு இன்னும் கேட்டார்.

காசு 5ஆம் திகதி போட்டிருக்கிறேன், அம்மாவின் கண் வைத்தியத்துக்கு அதை முதலில் எடுங்கள், கூரையைப் பிறகு பார்ப்போம். அக்காவின் சின்னவனுக்கு எழுதின கடதாசி உள்ளே இருக்கிறது.

இன்னொன்று. குன்றிமணிக் கதையைச் சொன்னதிலிருந்து அப்பு என்னை விடுகிறார் இல்லை. ஒரு கொட்டை மற்றதைப் போல அதே எடை இருக்காது, அதை வைத்து எப்படித் தங்கம் நிறுத்தீர்கள் என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேலியில் இப்போது காய்த்திருந்தால், பத்தை எடுத்து ஒவ்வொன்றாக உங்கள் தராசில் நிறுத்து எழுதி அனுப்புங்கள். பத்தையும் சேர்த்து நிறுத்ததையும் எழுதுங்கள். அவர் கொப்பியில் ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்