பழைய ஏ.சி.யின் வாயு எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

மின்கட்டணம் குறையும் என்று பழைய ஏ.சி.யைக் கொடுத்துவிட்டு ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்குவது கோடையிலும் ஆடித் தள்ளுபடியிலும் வழக்கமாகிவிட்டது. நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்கிறோம். பழையதைக் கழற்றும்போது ஸ்பேனர் பட்டதும் ‘உஸ்’ஸென்று போகும் குளிரூட்டும் வாயுவை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஒன்றரை டன் ஏ.சி.யில் ஏறக்குறைய ஒரு கிலோ வாயு இருக்கும். அது ஆர்-410ஏ வகை என்றால், புவியைச் சூடாக்குவதில் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குமேல் சமம். நிலக்கரியை நம்பியுள்ள நம் மின்தொகுப்பில் 2,800 யூனிட் மின்சாரம் செலவழித்தது போல. ஆர்-22 சுமார் 1,800 கிலோ; ஓசோனையும் அரிக்கும். இப்போது வரும் ஆர்-32கூட 675 கிலோ.

இதைத் தடுக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு கேஜும் (அழுத்தமானி) வால்வைத் திருகும் ஆலன் சாவியும் போதும். ஏ.சி.யைக் கூலிங்கில் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வை முதலில் மூட வேண்டும். தடித்த குழாயில் மாட்டிய கேஜின் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது அந்த வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வாயு வெளி யூனிட்டுக்குள் அடங்கிவிடும். முள் பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் ஓடவிட்டால் கசிவு வழியாகக் காற்று உள்ளே போகும். அழுத்தத்தில் கம்ப்ரசர் வெடித்து ஆளைக் கொன்றுவிடலாம். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

கம்ப்ரசர் ஓடாத ஏ.சி. என்றால் வாயுவை மீட்கும் இயந்திரமும் தனி சிலிண்டரும் தேவை. பெரும்பாலான மெக்கானிக்குகளிடம் இவை இல்லை. அப்படியே அடக்கி வைத்தாலும், காயலான் கடையில் தாமிரத்துக்காகக் குழாயை வெட்டும்போது எல்லாம் போய்விடும்.

வருடாவருடம் ‘கேஸ் ஃபில்லிங்’ என்பதும் இதே கதைதான். வாயு தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை, பெரும்பாலும் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில். சோப்பு நுரை தடவினால் தெரிந்துவிடும்.

2022 மின்னணுக் கழிவு விதிகளில் ஏ.சி.யும் அடங்கும். ஆகவே பழைய ஏ.சி.யை எடுத்துக்கொள்ளும் கடைகள், வெளி யூனிட் லேபிளில் உள்ள வாயுவின் பெயர், எடை, மீட்ட அளவு மூன்றையும் ரசீதில் எழுதித் தர வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை, அப்படிக் கேட்டு வாங்கிய பிறகே ஏ.சி.யை ஒப்படைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

குளிர்சாதனத் தொழிற்பயிற்றுநர்கள்,
திருச்சி