கிரகடோவாவின் கதை 1883-இல் முடியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் எரிமலைகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்தோனேசியாவில் இருக்கிற கிரகடோவா எரிமலைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தப் பக்கம் முழுக்க 1883-இல் கேட்ட சத்தம்தான். மலை வெடித்துத் தூள்தூளாகிக் காணாமல் போனது என்று சொல்லிக் கட்டுரையாளர் அதோடு முடித்துவிட்டார். அதே இடத்தில் கடலுக்குள்ளிருந்து முளைத்த இன்னொரு மலை இன்றைக்கும் உயிரோடு இருப்பதையும், அது 2018-இல் 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதையும் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் நாகப்பட்டினத்துக்காரன். கடல் சம்பந்தப்பட்ட விஷயத்தைப் பாதியில் விட்டால் எனக்கு மனசு ஆறாது, அதனால்தான் எழுதுகிறேன்.

சத்தம் உண்மைதான். 1883 ஆகஸ்ட் 27 காலை பத்து மணி வாக்கில் எழுந்த அந்த வெடிப்பு 4,800 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் மறுபக்கம் இருக்கிற ரோட்ரிக்ஸ் தீவில் நான்கு மணி நேரம் கழித்துக் கேட்டிருக்கிறது. தூரத்தில் ஏதோ கப்பல் பீரங்கி சுடுகிறது என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு இறந்த 36,000-க்கும் அதிகமான பேரில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது கடல். ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே இருக்கிற குறுகிய கடல்வழியான சுந்தா நீரிணையின் இரண்டு கரைகளிலும் சில இடங்களில் அலை 30 மீட்டருக்கு மேல் ஏறியது. நன்றாக வளர்ந்த தென்னை மரமும் அதற்குள் மூழ்கிவிடும். சுமத்ராவின் தெலோக் பெதோங் துறைமுகத்தில் நின்ற பெரோவ் என்ற போர்ப்படகை அது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தூக்கிப்போய் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காட்டுக்குள் போட்டது.

அப்புறம், 'தூள்தூளாகி' என்ற சொல்லைத் திருத்த வேண்டும். அந்த மலையின் பெரும்பகுதி வெளியே சிதறவில்லை, உள்ளே இடிந்து விழுந்தது. அடியிலிருந்த மாக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, ஏறக்குறைய 20 கன கிலோமீட்டர் அளவுக்குச் சாம்பலும் நுரைக்கல்லுமாகப் பொங்கி வெளியேறியதும், அது இருந்த இடம் வெற்றிடமாகி, மேலே இருந்த கூரை தாங்க முடியாமல் சரிந்துவிட்டது. இப்படி உண்டாகிற பெரிய பள்ளத்தைத்தான் கால்டெரா என்கிறார்கள். டச்சு நிலவியலாளர் வெர்பேக் அதே ஆண்டு அக்டோபரில் அங்கே போய்ப் பார்த்தபோது, சுற்றியிருந்த தீவுகளில் குவிந்து கிடந்தது ஏறக்குறைய எல்லாமே புது நுரைக்கல்லும் சாம்பலும்தான், பழைய மலையின் பாறைத்துண்டுகள் மிகக் குறைவு. மலை வெடித்துச் சிதறியிருந்தால் அதன் கற்கள் அங்கே மலைமலையாகக் கிடந்திருக்க வேண்டுமே.

வெர்பேக் இன்னொன்றும் சொன்னார். இந்த எரிமலை மறுபடி விழித்தால், காணாமல் போன பெர்புவாதான், டானான் என்ற இரண்டு சிகரங்களும் நின்ற இடங்களுக்கு நடுவில்தான் புதுத் தீவு எழும்பும் என்றார். 1927 கடைசியில், சரியாக அந்தப் பக்கத்தில் கடல் கொதித்து ஆவி கிளம்பியது. எழும்பிய சாம்பல் மேட்டை அலை கரைத்தது, மறுபடி எழும்பியது, மறுபடி கரைந்தது, 1930-இல்தான் நிலைத்தது. அதற்கு அனாக் கிரகடோவா என்று பெயர் வைத்தார்கள். அனாக் என்றால் பிள்ளை.

அந்த இடத்தில் ஏன் திரும்பத் திரும்ப இப்படி என்றால், தெற்கே இருக்கிற இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு, அதாவது பூமியின் மேலோட்டில் மெல்ல நகர்கிற ஒரு பெரும் பாறைத் துண்டு, ஜாவா, சுமத்ராவுக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. அது தன்னோடு கொண்டுபோகிற நீர் ஆழத்தில் மேலேயுள்ள பாறைக்குள் கசிய, பாறை உருகும் வெப்பநிலை குறைந்து மாக்மா உருவாகிறது. தட்டு நிற்கிற வரை இதுவும் நிற்காது. கிரகடோவாவைச் சுற்றியுள்ள செர்துங், பாஞ்சாங் தீவுகளே 1883-க்கு வெகுகாலம் முன்பு இதேபோல் இடிந்து விழுந்த ஒரு பெரிய மலையின் விளிம்புத் துண்டுகள்தான். கிரகடோவா 1680 வாக்கில் ஒருமுறை சீறியது, அப்புறம் இருநூறு வருஷம் அமைதி, 1883 மே மாதம் பெர்புவாதானில் புகை. அந்த அமைதியைப் பார்த்துத்தான் எல்லோரும் இது செத்த மலை என்று நம்பினார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அனாக் கிரகடோவா ஓர் அடுக்கு எரிமலை. ஒரு தடவை சாம்பலும் கல்லும் கொட்டும், அதன்மேல் ஒரு தடவை குழம்பு வழியும், இப்படியே அடுக்கடுக்காக ஏறும். பார்க்க அழகான கூம்புதான், ஆனால் உள்ளே பாதிக்குப் பாதி தளர்ந்த சாம்பல். அனாக் கிரகடோவா இந்தக் கூம்பைக் கட்டியது எங்கே தெரியுமா? 1883-இல் உண்டான பள்ளத்தின் வடகிழக்கு விளிம்பில். அதன் தென்மேற்குச் சரிவுக்குக் கீழே கடலுக்கடியில் செங்குத்தாக இறங்குகிற பள்ளம், ஆழம் சுமார் 250 மீட்டர். குளக்கரை ஓரத்தில் மண்ணைக் கொட்டிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும். 2012-இலேயே ஜியாகெட்டி என்ற ஆய்வாளரின் குழுவினர், அந்தச் சரிவு தென்மேற்காகக் கடலில் விழுந்தால் என்ன அலை எழும், எத்தனை நிமிஷத்தில் எந்தக் கரைக்குப் போகும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள்.

2018 ஜூன் முதல் குமுறிக்கொண்டிருந்த மலை, டிசம்பர் 22 இரவு ஒன்பது மணி வாக்கில் அந்தப் பக்கமே சரிந்தது. அரை மணி நேரத்தில் அலை கரைக்கு வந்துவிட்டது. ஜாவாவின் தஞ்சுங் லெசுங் கடற்கரையில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது, மேடைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வந்தது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை, ஏனென்றால் அங்கே இருந்த எச்சரிக்கை ஏற்பாடு பெரிய நிலநடுக்கத்தை எதிர்பார்த்து அமைத்தது, அன்றைக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதிகாரிகள் முதலில் வழக்கமான கடல் ஏற்றம் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். 338 மீட்டர் இருந்த மலை சில நாளில் 110 மீட்டராகக் குறைந்துவிட்டது. இப்போது மறுபடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

2004-க்குப் பிறகு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் சுனாமி என்றால் நிலநடுக்கம் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம், அது சுமத்ராவுக்கு அருகே நேர்ந்த நடுக்கத்தால் வந்தது, அதனால் அப்படிப் பதிந்ததில் தப்பில்லை. ஆனால் நிலம் நடுங்காமலும் கடல் எழும் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2018-இல் கிளம்பிய அலை அந்த நீரிணையைத் தாண்டி இங்கே வரவில்லை, சரி. 1883-இல் வந்தது. சென்னையிலும் எங்கள் நாகப்பட்டினத்திலும் அலை அளக்கும் கருவிகள் அதைப் பதிவு செய்திருக்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரையில் பாணமையில் ஒரு பெண் அதில் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. சில நாள் கழித்து, செப்டம்பரில், சென்னை வானத்தில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதைக் கவனித்து எழுதிவைத்தார். கொடைக்கானல் வானாய்வகத்தைப் பின்னாளில் தொடங்கி நடத்தியவர் அவர்தான். இதெல்லாம் நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லையா?

அதனால் என் வேண்டுகோள்: அடுத்த இதழிலோ அதற்கு அடுத்ததிலோ அனாக் கிரகடோவாவுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். போன தடவை போட்ட பழைய ஓவியம் வேண்டாம், மலையை நடுவில் வெட்டிப் பார்த்ததுபோல் ஒரு குறுக்குவெட்டுப் படம் போடுங்கள், கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிற பள்ளத்தோடு சேர்த்து. ஓவியரிடம் அந்தத் தென்மேற்குச் சரிவை மட்டும் கொஞ்சம் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்