தம்பி அனுப்பிய படங்களில் இல்லாதது

யோக்கோஹாமா
நவம்பர் 4

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். தம்பியும் சுகம். மெலிந்துவிட்டான் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு அப்படித் தெரியவில்லை. நேற்று எடுத்த படங்களை அவன் உனக்கு அனுப்பியிருப்பான். முதுகில் பையும் தலையில் தொப்பியுமாக நான் நிற்கும் படத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாய். சிரி, பரவாயில்லை. படத்தில் வராத சில விஷயங்களைத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நேற்று இங்கே கலாச்சார நாள், அரசு விடுமுறை. முன்பு மெய்ஜி பேரரசரின் பிறந்தநாளாகக் கொண்டாடிய தேதி இது. 1946இல் இதே நவம்பர் 3ஆம் தேதிதான் புதிய அரசியலமைப்பை வெளியிட்டார்கள். இனிப் போர் வேண்டாம் என்று எழுதி வைத்தது அந்த அரசியலமைப்பில்தான். 1948இலிருந்து அந்த நாளுக்கு இந்தப் பெயர். தம்பிக்கும் வேலை இல்லை, "காமகுராவுக்கு நடக்கப் போவோம்" என்று காலையிலேயே எழுப்பிவிட்டான்.

யோக்கோஹாமாவிலிருந்து அரை மணி நேர ரயில்தான். பெட்டிக்குள் ஏறியதும் எல்லோரும் முதுகுப் பையைக் கழற்றி நெஞ்சுப் பக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள், பின்னால் நிற்பவர் மேல் இடிக்கக் கூடாதாம். எங்களுக்கு எதிரே கிமோனோ உடுத்திய ஒரு சின்னப் பெண். இந்த மாதத்தில் மூன்று, ஏழு வயதுப் பெண் பிள்ளைகளையும் ஐந்து வயது ஆண் பிள்ளைகளையும் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஆசி வாங்குவார்களாம். சரியான நாள் 15ஆம் தேதி என்றாலும், லீவு கிடைக்கிற நாளில் போய்விடுகிறார்கள். கையில் நீளமான மிட்டாய்ப் பை, அதில் கொக்கும் ஆமையும் வரைந்திருந்தது. அம்மா இறங்கும்வரை அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரை நினைத்தாள் என்று உனக்குத் தெரியும். பேத்திக்கும் இப்போது ஏழு வயதுதானே.

கித்தா-காமகுரா நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே எங்ககு-ஜி என்ற சென் பௌத்த மடம். 1889இல் போட்ட தண்டவாளம் அந்த மடத்து நிலத்தையே வெட்டிக்கொண்டு போகிறது. வாசல் குளம் ஒரு பக்கம், மடம் மறு பக்கம். உள்ளே போனால் ரயில் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு உயரமான மரங்கள். புத்தரின் பல் இருப்பதாகச் சொல்லும் ஒரு மண்டபம் அங்கே உண்டு. மற்ற நாட்களில் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம், இந்த விடுமுறையை ஒட்டிக் கிட்டப் போய்ப் பார்க்க விடுகிறார்கள். "கண்டிக்குப் போனாலும் பல், இங்கே வந்தாலும் பல்லா" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் வரிசையில் முதலில் போய் நின்றதும் அவள்தான்.

நான் எழுத நினைத்தது அந்தப் பல்லைப் பற்றி அல்ல. 1274இலும் 1281இலும் மங்கோலியர்கள் கப்பல்களில் ஜப்பான் மேல் படையெடுத்தார்கள். இரண்டு தடவையும் தோற்றுத் திரும்பினார்கள். அப்போது காமகுராவிலிருந்து நாட்டை ஆண்டவர் ஹோஜோ தொக்கிமுனே. அவர்தான் 1282இல் இந்த மடத்தைக் கட்டுவித்தார். எதற்கு என்று தம்பியிடம் கேட்டேன். செத்தவர்களுக்காக என்றான். அவர்களுடைய ஆட்களுக்கா என்று கேட்டேன். "இல்லை அப்பா, இரண்டு பக்கத்துக்கும்." கொல்ல வந்தவர்களுக்கும் சேர்த்து, வென்றவன் கட்டிய மடம். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கால் வலிக்கிறதாக்கும் என்று அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நம் ஊரில் நம்முடைய பிள்ளைகளுக்கு நாம் ஒரு விளக்கு வைக்கவே எத்தனை பேரிடம் அனுமதி கேட்டு நின்றோம் என்று அவளுக்கு நான் சொல்லவா வேண்டும்?

அங்கிருந்து மலைப்பாதை. மூன்று கிலோமீட்டர் அளவுதான் இருக்கும், ஆனால் வேரும் களிமண்ணுமாக ஏறி இறங்குகிற பாதை. விடுமுறை என்பதால் வழியெல்லாம் ஆட்கள். எண்பது வயது மதிக்கக்கூடிய பாட்டிமார் இரண்டு கையிலும் தடியோடு என்னை முந்திப் போனார்கள். எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்கிறார்கள். டவுனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களுக்கு மலையில் என்ன வந்ததோ தெரியாது. பதிலுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு வாங்கியது. குப்பைத் தொட்டி மட்டும் எங்கேயும் கிடையாது. சாப்பிட்ட சோற்று உருண்டையின் உறையைப் பையிலேயே போட்டு வீடுவரை சுமந்து வந்தோம்.

நடுவில் செனியராய் பென்தென் என்ற கோயில். பாறையைக் குடைந்த சுரங்கவழியாக உள்ளே போனால் ஒரு குகை, அதற்குள் ஊற்று. சின்னக் கூடையில் காசை வைத்து அந்தத் தண்ணீரில் கழுவினால் அது பெருகுமாம். பென்தென் யார் தெரியுமா? நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்து பென்சைதென் ஆகிவிட்டாள், வீணைக்குப் பதில் பிவா என்ற வாத்தியம். கல்விக்காரியும் காசுக்காரியும் ஒரு வீட்டில் தங்க மாட்டார்கள் என்று அப்பாச்சி சொல்வாவே, இங்கே ஒருத்தியே இரண்டு வேலையையும் பார்க்கிறாள். பக்கத்தில் பாம்புத் தெய்வமும் உண்டு, அதற்கு முட்டை வைத்துக் கும்பிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் ஞாபகம் வந்து பக்தியே வந்துவிட்டது. தம்பி கொடுத்த ஆயிரம் யென் தாளைக் கழுவினாள். அப்புறம் பர்ஸைத் துழாவி நம் நூறு ரூபாய்த் தாள் ஒன்றையும் எடுத்துக் கழுவினாள். "யென்னைவிட ரூபாய்க்குத்தான் இப்போது தேவை அதிகம்" என்றாள். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

மலை இறங்கினால் பெரிய புத்தர். பீடத்தை விட்டுப் பார்த்தால் 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை 121 தொன். 1252இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலச் சிலை. முதலில் அதைச் சுற்றி மண்டபம் இருந்தது. புயலில் போனது, கட்டினார்கள், திரும்பப் போனது. கடைசியாக 1498இல் சுனாமி அடித்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு மண்டபமே இல்லை, ஐந்நூறு வருடமாக மழையும் வெயிலும்தான். உள்ளே வெறும் கூடு, 50 யென் கொடுத்தால் வயிற்றுக்குள் ஏறிப் பார்க்கலாம். அதெல்லாம் படத்தில் இருக்கிறது.

இல்லாதது பக்கத்தில் உள்ள ஒரு கல். தம்பி முன்னரே பார்த்திருக்கிறான் போல, எங்களை வேறு பக்கமாகக் கூட்டிப்போகப் பார்த்தான். நான்தான் போய் நின்றேன். ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் நினைவுக் கல். 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் பேசியபோது இலங்கையின் நிதியமைச்சர் அவர். எங்களுக்கு நட்டஈடு வேண்டாம், பகையைப் பகையால் தணிக்க முடியாது, அன்பால்தான் முடியும் என்று தம்மபதத்தை எடுத்துச் சொல்லிப் பேசினார். அந்த வசனம்தான் கல்லில் இருக்கிறது. ஜப்பான்காரர் அதை மறக்கவில்லை, 1991இல் கல் நாட்டியிருக்கிறார்கள். 83 ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது நாட்டின் ஜனாதிபதி யார் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

1991 என்றதும் எனக்கு வந்தது உன் ஞாபகம். கரண்ட் இல்லாத காலம், மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் திரி கட்டி வைத்து, அதன் முன்னால் நீ வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாய். அந்த நேரம் இங்கே இந்தக் கல்லுக்கு விழா நடந்திருக்கிறது. எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வசனம் அவருக்கு முன்னும் நல்ல வசனம்தான். அதை ஜப்பானுக்குச் சொல்லிக் கொடுத்த நாடு வீட்டில் ஏன் வாசிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை, இந்த வயதிலும் விளங்கவில்லை. அம்மா ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாக முழுவதும் வாசித்தாள். தம்பி கமராவைத் தூக்கினான். "அதை உள்ளே வை" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். வழியில் எதுவும் கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் போய் இருந்த பிறகுதான், "தொக்கிமுனே என்றாயே, அந்தாளுக்கு என்ன வயது?" என்று தம்பியிடம் கேட்டாள். முப்பத்திரண்டில் செத்துப்போனார் என்றான். "ம்" என்றாள், அவ்வளவுதான்.

சாப்பாடு இந்தக் கடற்கரையின் நெத்தலிக்குஞ்சு, சோற்றின் மேல் பச்சையாகவே போடுகிறார்கள். தம்பி சாப்பிட்டான். நான் அவித்ததை வாங்கிக்கொண்டேன். பிறகு எனோதென் என்ற குட்டி ரயிலுக்கு வரிசை. 1902இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாளம், வீட்டுச் சுவர்களை உரசுகிற மாதிரிப் போகிறது. விடுமுறைக் கூட்டத்தில் மூன்றாவது ரயிலில்தான் இடம் கிடைத்தது. இனமுராகசாக்கியில் இறங்கிக் கடலோரம் இருந்தோம். ஐந்து மணிக்கு முன்னமே இங்கே பொழுது சாய்ந்துவிடும். ஃபூஜி மலை கறுப்பாகத் தெரிந்தது. மிஞ்சிய சோற்று உருண்டையை அம்மா வாயருகே கொண்டுபோன நேரம் பின்னாலிருந்து ஒரு பருந்து வந்து கையோடு பறித்துப் போய்விட்டது. கவனம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், நாங்கள் ஜப்பானிய எழுத்தைக் கண்டோமா! உள்ளே வைத்திருந்த உப்புப் புளிப்புப் பழம் அவளுக்குப் பிடிக்காதது, அதனால் பெரிய துக்கமில்லை. நகக்கீறல் மட்டும் கொஞ்சம் எரிகிறது, மருந்து போட்டாயிற்று.

கழுவிய அந்த நூறு ரூபாய்த் தாளை உனக்கு அனுப்பச் சொன்னாள், இத்தோடு வைத்திருக்கிறேன். சும்மா பூட்டி வைத்தால் பெருகாதாம், செலவழிக்க வேண்டுமாம். ரொறன்ரோவில் அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஊருக்கு வந்துதான் செலவழிக்க வேண்டும். பேத்தியின் பள்ளி லீவு எப்போது தொடங்குகிறது என்று எழுது.

அன்புடன்,
அப்பா