பெட்டியை அவிழ், பிள்ளை

என்ர செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று வீடியோவில் கதைக்கும்போது உனக்குப் பின்னால் சுவரோடு அடுக்கியிருந்த பெட்டிகளைக் கண்டேன். ஒட்டின டேப் கூடக் கிழியவில்லை. கொழும்புக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிவிட்டதே என்று கேட்க நினைத்தேன், அதற்குள் சின்னவள் சிணுங்க நீ எழும்பிப் போய்விட்டாய். போனுக்குள் மூத்தவன் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. "அம்மா, எப்ப எங்கட வீட்டை போறது?" நீ சொன்னாய்: "இது கொஞ்ச நாளைக்குத்தான் ராசா."

இரவு முழுக்க நித்திரை இல்லை. அது என்ர சொல், பிள்ளை. உனக்கு நான் சொன்ன அதே சொல்.

1998இல், சண்டைக் காலத்தில், உனக்கு 5 வயது. யாழ்ப்பாணத்தை விட்டுக் காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கையில் இருந்தது ஒரு றங்குப்பெட்டி. ஆறு மாதத்தில் திரும்பிவிடுவோம், பிறகேன் அவிழ்ப்பான் என்று கயிற்றோடேயே கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். உடுப்பு வேண்டுமென்றால் கயிற்றைத் தளர்த்தி எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவேன். சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. சாமிப்படம் ஜன்னல் விளிம்பில் சாய்ந்தபடியே நின்றது. சிங்களம் படிக்கவில்லை, சந்தையில் விரலைக் காட்டித்தான் மரக்கறி வாங்கினேன். கதவு தட்டுப்பட்டால் பொலிஸ் பதிவுத் துண்டைத் தேடின காலம் அது. பயம் இருந்தது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் காலத்தின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. "இது எங்கட வீடோ அம்மா?" என்று நீ கேட்ட நேரமெல்லாம், "இல்லை, எங்கட வீடு கோண்டாவிலில" என்று சொன்னது நான்தானே.

2002இல் சண்டை நின்று, ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தது. அந்த வருடமே திரும்பினோம். கிணற்றடியைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. நீ திண்ணையில் இருந்து அழுதாய். ரெயில் சத்தம் இல்லாமல் நித்திரை வராது என்றாய். புதுப் பள்ளிக்கூடத்தில் 'என் வீடு' என்று படம் கீறச் சொன்னார்கள். நீ கிணறும் கீறவில்லை, பனையும் கீறவில்லை. கடல், தண்டவாளம், மூன்றாம் மாடி ஜன்னல், அதில் சாய்ந்தபடி ஒரு சாமிப்படம். அந்தக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நாலு வருடமாக நான் இல்லை இல்லை என்று சொன்ன அந்த அறைதான் உனக்கு வீடாக இருந்திருக்கிறது. அங்கே நீ ஒரு சிநேகிதியைக் கூடக் கூட்டிவரவில்லை. அம்மா சொன்னதை நம்பினாய்.

இதைப் போனில் சொன்னால் நீ "சரியம்மா" என்று விட்டுவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

இண்டைக்கே பெட்டிகளை அவிழ். முதலில் பிள்ளைகளுடையதை. மருமகன் வேலை முடிந்து வர இரவாகிறது என்றாய், அவர் வரட்டும் என்று வைக்காதே.

கடதாசி வேலைகளைப் பிந்தவிடாதே. கிராம சேவகரிடம் போய்ப் பதி. வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்று. ஜனவரி 31இல் 5 வயது நிறைந்தால்தான் தரம் 1, அதற்கு முந்திய வருடமே விண்ணப்பம் கேட்பார்கள். அந்த இடத்தில் எத்தனை வருடம் பதிந்திருக்கிறீர்கள் என்பதற்கும் புள்ளி இருக்கிறது. வாடகை உடன்படிக்கை, லைட் பில், தண்ணி பில் எல்லாம் ஒரு பைலில் கிடக்கட்டும். சின்னவளுடைய கிளினிக் கொப்பியோடு அந்தப் பகுதி மிட்வைபைச் சந்தி, 18 மாத ஊசி தவறக்கூடாது.

எனக்கு மெய்யாகப் பயம் டெங்குதான். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், காலையிலும் பின்னேரமும் கூட. பிரிஜ்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, பூச்சாடிக்குக் கீழே வைத்த தட்டு, இரண்டையும் வாராவாரம் ஊற்றித் தேய்த்துக் கழுவு. வெறுமனே ஊற்றினால் முட்டை ஒட்டியபடி கிடக்கும். காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் மட்டும், வேறு எந்த நோக் குளிசையும் கொடுக்காதே. டொக்டரிடம் காட்டு, இரத்தம் சோதிக்கச் சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. பொரளையில் சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நடு இரவு என்றால் 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும், காசில்லை.

தண்ணி ருசியில்லை என்று மூத்தவன் குடிக்கிறானில்லை என்றாய். அவன் சொல்வது சரி. எங்கட கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. அங்கே குழாயில் வருவது களனி கங்கை, அம்பத்தளையில் சுத்தம் செய்து விடுகிறார்கள். அவனைத் திட்டாமல் அந்த ஆற்றின் கதையைச் சொல்லு. வருடம் முழுக்க ஓடும் ஆறே இல்லாத ஊர்ப் பிள்ளை அவன், கேட்டால் ஆசைப்படுவான்.

பின்னேரம் வெயில் தாழ இரண்டு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போ. கையை மட்டும் விடாதே, தண்டவாளம் இரண்டு, ஒரு ரெயில் போனதும் மற்றப் பக்கத்தாலும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். தமிழ்ச் சங்க நூலகம் உனக்குப் பக்கம்தான், 1942இல் தொடங்கின சங்கம் அது. நான் அந்த நாலு வருடத்தில் ஒரு நாள் கூட அந்தப் படி ஏறவில்லை. நினைக்க இப்பவும் வயிறு எரிகிறது. கீழ்மாடிச் சிங்களப் பிள்ளைகளோடு மூத்தவன் விளையாடட்டும். நீயும் அவனிடமே கேட்டுப் படி. "கீயத?", அதாவது "எவ்வளவு?" என்று சிங்களத்தில் கேட்கத் தெரிந்தாலே சந்தையில் நிமிர்ந்து நிற்கலாம்.

யாழ்ப்பாணத்தை மறந்துவிடுவார்களோ என்று யோசிக்காதே. ஆடி வேல் திருவிழாவுக்கு யாழ்தேவி ரெயிலில் நானும் அப்பாவும் வருகிறோம். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வருவதைப் பேரனுக்கு நான்தான் காட்டவேண்டும்.

வெள்ளி இரவு பஸ்ஸில் ஒரு பார்சல் போடுகிறேன். சனி விடிய காலி வீதியில் மருமகனை நிற்கச் சொல். ஒடியல் மா, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் வைத்திருக்கிறேன். அடியில், இரண்டு அட்டைக்கு நடுவில், நீ கீறின அந்தப் படம் இருக்கிறது. அப்பா சட்டம் போட்டுத் தந்தார். வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு ஆணி அடி. சுத்தியலை மூத்தவன் பிடிக்கட்டும்.

அன்புடன்
அம்மா