லைன்ல முன்னுக்கு விடச் சொல்லேல்ல, ஒரு நேரம் எழுதித் தாங்கோ

கொழும்பிலயும் சுத்துவட்டாரத்திலயும் வோட்டர் பார்க், ரைட்ஸ் பார்க், லீவு காலத்துக் கார்னிவல் எல்லாம் நடத்துற முகாமையாளர்களுக்கு,

வணக்கம் சேர், மிஸ்.

நான் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு அம்மா. ரெண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 11 வயசு, ஓட்டிசம் இருக்கு, இளையவளுக்கு 8. போன ஏப்ரல் லீவுக்கு உங்கள்ல ஒருத்தர்ட பார்க்குக்கு வந்தம், எந்தப் பார்க் எண்டு நான் இங்க சொல்லப் போறதில்ல, ஏனெண்டா வேற அம்மாமாரோட கதைச்சுப் பாத்தா எல்லா இடத்திலயும் இதே கதைதான், ஒரு இடத்தை மட்டும் குறை சொல்லி ஒண்டும் ஆகப்போறதில்ல.

மகனுக்கு ஜயண்ட் வீல் எண்டா உயிர். யூடியூப்ல வீடியோ போட்டு எத்தின கூடு இருக்கு, ஒரு சுத்துக்கு எத்தின செக்கன் எண்டு எண்ணி கொப்பியில எழுதி வச்சிருக்கிறான். அண்டைக்கு நாங்க லைன்ல நிண்டம், மேல தகரம், ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, பக்கத்தில ஜெனரேட்டர், ஸ்பீக்கர்ல பாட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் சனம் உரசிக்கொண்டு நிக்குது. ஒரு பத்து நிமிசம் பொறுத்தான். பிறகு காதைப் பொத்தினான். பிறகு எங்கட பின்னுக்கு நிண்ட ஒரு சிங்கள அன்ரி, நல்ல மனுசி, "டிக்கக் இன்ன புத்தா" (கொஞ்சம் இரு மகன்) எண்டு தலையைத் தடவினா, அவன் என்னைப் பாத்துக் கேட்டான், "கொஞ்சம் எண்டா எத்தின நிமிசம் அம்மா?" எனக்குத் தெரியாது. அங்க நிண்ட ஒருத்தருக்கும் தெரியாது. அவன் அப்பிடியே நிலத்தில இருந்து கத்தத் தொடங்கீட்டான்.

செகியூரிட்டி அண்ணா ஓடி வந்து என்ன பிரச்சினை எண்டு சத்தமாக் கேட்டார், நான் அந்த நாப்பது அம்பது பேருக்கு முன்னால, மகனும் கேட்டுக்கொண்டு இருக்க, அவனுக்கு என்ன இருக்கு எண்டு சொல்லவேண்டி வந்தது. அவர் இரக்கப்பட்டு கயித்தைத் தூக்கி எங்களை முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடன லைன்ல இருந்து சத்தம், "நாங்களும் பிள்ளைகளோடதான் நிக்கிறம்" எண்டு. அவங்க சொன்னது நியாயம், ஒரு மணித்தியாலமா அந்த வெக்கைக்குள்ள நிண்ட ஆக்கள், அவங்களில எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அந்தச் சத்தத்துக்கு மகன் இன்னும் பயந்து வீல்ல கால் வைக்கவே இல்ல, வெளியில வந்திட்டம். அடுத்த ரைட்ல நான் முதல்லயே போய் அங்க நிண்ட பெடியனிட்ட பண்பாத்தான் கேட்டன், "அப்பிடி ஒரு ரூல் இல்ல மிஸ்" எண்டிட்டான். அவனிலயும் பிழை இல்ல, ரூல் இல்லத்தானே. நாலு டிக்கட் எடுத்துப் போட்டு ஒரு ரைட்லயும் ஏறாம மத்தியானம் 1 மணிக்கு வீட்ட வந்தம். வான்ல வரேக்க மகள் சொன்னாள், "எனக்கு ஜயண்ட் வீல் பயம் அம்மா, நான் ஏற ஆசைப்படேல்ல" எண்டு. ஒரு கிழமையா அதைப் பத்தியே கதைச்சுக்கொண்டு இருந்த பிள்ளை. 8 வயசில அப்பிடிச் சொல்லப் பழகீட்டாள். இந்த மடலை எழுத வச்சது அதுதான், மகன் கத்தினது இல்ல.

இப்ப ஒரு விசயம் சொல்லுறன். இதே மகன் டொக்டரிட்ட சனல் பண்ணிப் போனா ஒரு சத்தமும் இல்லாம முக்கால் மணித்தியாலம் காத்திருப்பான். எப்பிடி? நம்பர் 23, ஆறே முக்காலுக்கு வாங்கோ எண்டு சொல்லுறாங்க, நாங்க உள்ள சனத்துக்குள்ள இருக்காம வெளியில த்ரீவீலுக்குள்ள இருக்கிறம், அவன் கையில மணிக்கூடு, இப்ப 19 போகுது, இப்ப 20 எண்டு நான் வந்து வந்து சொல்லுவன். அவனுக்குக் காத்திருக்க ஏலும். சனத்துக்கு நடுவில, சத்தத்துக்குள்ள, எவ்வளவு நேரம் எண்டு தெரியாமக் காத்திருக்கத்தான் ஏலாது. முன்னுக்கு விடுங்கோ எண்டு நான் கேக்கேல்ல, எல்லாரும் நிக்கிற அதே அளவு நேரத்தை நாங்க வேற இடத்தில இருந்து காத்திருக்க விடுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

இது நான் கண்டுபிடிச்ச ஐடியா இல்ல. அமெரிக்காவில டிஸ்னி பார்க்குகள்ல 2013 ஒக்டோபர்ல இருந்து டிசெபிலிட்டி அக்ஸஸ் சேர்விஸ் எண்டு ஒண்டு நடக்குது, சுருக்கமா டிஏஎஸ் எண்டுவாங்க. தொடக்கத்தில ஒரு கார்ட்ல எழுதிக் குடுத்தாங்க, இப்ப எல்லாம் ஃபோன் ஆப்ல. ரைட்டுக்கு முன்னால 60 நிமிசம் எண்டு போர்ட் போட்டிருந்தா, உங்களுக்கு கிட்டத்தட்ட 50 நிமிசம் கழிச்சு வாங்கோ எண்டு ஒரு நேரம் தருவாங்க, அதுவரைக்கும் நிழல்ல இருக்கலாம், சாப்பிடலாம், டொய்லட் போகலாம், நேரம் வந்ததும் வேற வாசலால உள்ள போகலாம். ஒரு நேரத்தில ஒரு ரைட்டுக்குத்தான் புக் பண்ணலாம், அது முடிஞ்சாத்தான் அடுத்தது.

அதுக்கு முதல் அங்கயும் எங்கட செகியூரிட்டி அண்ணா செய்த மாதிரித்தான், ஒரு கார்டைக் காட்டினா பல ரைட்ல நேர முன்னுக்கு விட்டிடுவாங்க. அதால என்ன நடந்தது எண்டா, காசுள்ள குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருத்தருக்குக் காசு குடுத்துக் கூட்டிக்கொண்டு போய் லைன் பாயுறாங்க எண்டு 2013 இல பேப்பர்ல வந்து பெரிய கதையாச்சு, அந்த வருசமே பழைய கார்டை நிப்பாட்டி நேரம் குடுக்கிற முறைக்கு மாத்தினாங்க. "குடுத்தா எல்லாரும் பொய் சொல்லிக்கொண்டு வருவாங்க" எண்டு நீங்க சொல்லுவீங்க எண்டு எனக்குத் தெரியும், ஒரு முகாமையாளர் எனக்கு ஃபோன்ல சொன்னதும் அதுதான். ஆனா பொய்யால லாபம் வாறது முன்னுக்கு விடுறதாலதான் சேர். அதே 50 நிமிசம் காத்திருக்கத்தான் வேணும் எண்டா பொய் சொல்லிக் கிடைக்கிற லாபம் நல்லாக் குறைஞ்சிடும். முழுசா இல்லாமப் போகாது, அதையும் நேர்மையாச் சொல்லவேணும், ஏனெண்டா நிக்காம இருக்கிறதே ஒரு சுகம்தானே. டிஸ்னியிலயும் கேக்கிற ஆக்கள் கூடிக் கூடி, 2024 இல, புளோரிடாவில மே மாசம், கலிபோர்னியாவில ஜூன் மாசம், ரூலை இறுக்கினாங்க, முக்கியமா ஓட்டிசம் மாதிரி வளர்ச்சி சார்ந்த நிலை இருக்கிற ஆக்களுக்குத்தான் எண்டு.

அந்த மாத்தத்தால எங்கட மகன் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்ல. ஆனாலும் எனக்கு அது சரியாப் படேல்ல. குடல் வருத்தம் இருக்கிற ஒருத்தருக்கு லைன் நடுவில டொய்லட்டுக்கு ஓடவேண்டி வரும், கான்சருக்கு மருந்து எடுக்கிற ஒருத்தருக்கு வெயில்ல நிக்க ஏலாது, அப்பிடியான ஆக்கள் கனபேர் தங்களுக்கு முந்திக் கிடைச்சது இப்ப இல்ல எண்டு கவலைப்பட்டாங்க. வருத்தத்தின்ர பேரைக் கேட்டா இப்பிடித்தான் வரும். என்ன செய்ய ஏலாது எண்டு கேளுங்கோ. இங்கிலாந்தில நிம்பஸ் எண்ட நிறுவனம் அக்ஸஸ் கார்ட் எண்டு ஒண்டு குடுக்குது, அதில வருத்தத்தின்ர பேர் இல்ல, சின்னச் சின்னப் படங்கள்தான், இவருக்குக் கனநேரம் லைன்ல நிக்க ஏலாது, இவருக்கு அவசரமா டொய்லட் வேணும், இவரோட துணைக்கு ஒருத்தர் வரவேணும் எண்டு. அது எனக்கு நல்லாப் பிடிச்சது. வாசல்ல நிக்கிற பெடியனுக்கு மகன்ட முழுக் கதையும் தெரியவேண்டிய அவசியம் இல்லத்தானே, அவன் செய்யவேண்டியது என்ன எண்டு தெரிஞ்சாக் காணும்.

அமெரிக்காவில யுனிவர்சல், சிக்ஸ் ஃபிளாக்ஸ் மாதிரி இடங்கள்ல இன்னொரு முறை, முதல்லயே ஒன்லைன்ல பதிஞ்சு டொக்டர்ட கடிதம் மாதிரி ஒரு ஆதாரத்தை அப்லோட் பண்ணி டிஜிட்டல் கார்ட் எடுக்கவேணும். தயவுசெய்து அதை அப்பிடியே இங்க கொண்டுவராதீங்கோ. மகன்ட கடிதம் என்ர கையில வரவே ஒண்டரை வருசம், கிளினிக் கிளினிக்கா அலைஞ்சன், நான் கொழும்பில இருக்கிறபடியா அதாவது கிடைச்சது. மலையகத்தில இருந்தோ மட்டக்களப்பில இருந்தோ பிள்ளையளை ட்ரிப் கூட்டிக்கொண்டு வாற ஒரு அம்மாவிட்ட அந்தக் கடிதம் இருக்குமா? பிள்ளைகள்ட மருத்துவக் கடிதங்களை ஒரு பார்க்கின்ர கொம்பியூட்டர்ல சேத்து வைக்கிறதும் எனக்குப் பயமாத்தான் இருக்கு.

ஆப் செய்யக் காசில்ல, இது பெரிய நாட்டு விசயம் எண்டு சொல்லுவீங்க. 2022 ஐ ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ சேர். பெற்றோல் ஷெட்ல நாள் கணக்கில கியூ, றோட்டிலயே படுத்தம், கியூவில நிண்டே ஆக்கள் செத்தாங்க. பிறகு ஜூலையில ஃபுவல் பாஸ் கியூஆர் வந்தது, தொடக்கத்தில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், த்ரீவீலுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4, இந்த நாட்டில எல்லாரும் அதைப் பழகிக்கொண்டம். ஸ்மார்ட் ஃபோன் இல்லாத ஆக்கள் கூட பிரின்ட் எடுத்து லெமினேட் பண்ணி வச்சிருந்தாங்க. பெற்றோலுக்குச் செய்ய முடிஞ்சதை ஒரு ஜயண்ட் வீலுக்குச் செய்ய ஏலாதா? உண்மையில ஆப் கூடத் தேவையில்ல. டிக்கட் கவுண்டர்ல ஒரு கொப்பி, ஒரு வட்ஸ்அப் நம்பர், ஒரு துண்டுப் பேப்பர் காணும். கவுண்டர் மிஸ் இப்ப லைன் எவ்வளவு எண்டு ரைட் பெடியனிட்டக் கேட்டு, 11.40க்கு ஜயண்ட் வீல், நாலு பேர் எண்டு எழுதித் தருவா, ஃபோன் இருந்தா அதையே மெசேஜ் போட்டு விடுவா, தமிழிலயும் சிங்களத்திலயும் இங்கிலிஷிலயும். ரைட் பிந்தினா இன்னொரு மெசேஜ், 11.55 எண்டு. அது சரியான முக்கியம், ஏனெண்டா சொன்ன நேரம் சொல்லாமக் கொள்ளாமத் தவறினா மகன் மாதிரிப் பிள்ளைக்கு நேரமே தராம இருந்ததை விட மோசம்.

நாலு பேர் எண்டு சொன்னதைக் கவனிச்சீங்களா, அதில விட்டிடாதீங்கோ. மகனுக்கும் எனக்கும் மட்டும் நேரம் தந்து மகளை அந்த லைன்ல தனிய நிக்க விட்டா அவள் திரும்பவும் தனக்கு ஆசை இல்ல எண்டுதான் சொல்லுவாள்.

காத்திருக்கிற இடம் ஒண்டும் வேணும், ஏசி ரூம் வேண்டாம், ஸ்பீக்கருக்குத் தூரமா ஒரு மர நிழல்ல நாலு கதிரை போட்டாக் காணும். வீல்செயர்ல வாற ஆக்களுக்கும் முழங்கால் வருத்தம் இருக்கிற அம்மம்மாமாருக்கும் அது உதவும். ரைட் வாசல்ல நிக்கிற பெடியன்மாருக்கு அரை நாள் சொல்லிக் குடுங்கோ, துண்டைப் பாத்திட்டு ஒண்டும் கேக்காம உள்ள விடுறதுக்கு, மைக்ல அறிவிக்காம இருக்கிறதுக்கு. லைன்ல நிக்கிற சனத்துக்கும் விளங்கிற மாதிரி ஒரு போர்ட் போடுங்கோ, "இந்த வாசலால வாறவங்களும் உங்களைப் போலக் காத்திருந்துதான் வருகினம்" எண்டு. அண்டைக்குச் சத்தம் போட்ட சனத்துக்கு அந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா ஒருத்தரும் சத்தம் போட்டிருக்க மாட்டாங்க எண்டு நான் உண்மையா நம்புறன்.

சட்டம் கதைச்சு உங்களைப் பயப்படுத்திறது என்ர நோக்கம் இல்ல, ஆனா இருக்கிறதைச் சொல்லவேணும். மாற்றுத்திறனாளிகள்ட உரிமைகளுக்கு எங்கட நாட்டில 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, 2006 இல அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தது, 2011 இல உயர் நீதிமன்றமும் அதில ஒரு உத்தரவு போட்டது. அதெல்லாம் பெரும்பாலும் படி, ரேம்ப், கதவு, டொய்லட் பத்தின கதை, லைன்ல நிக்க ஏலாத பிள்ளையைப் பத்தி அதில தேடினா உங்களுக்கு வழி கிடைக்காது. ஆனா 2016 பெப்ரவரியில இலங்கை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள்ட உரிமைகள் பத்தின ஐநா உடன்படிக்கையின்ர 30 ஆவது உறுப்புரையில நேரடியா இருக்கு, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் மத்தப் பிள்ளைகளைப் போல விளையாட, பொழுதுபோக்க சம வாய்ப்பு வேணும் எண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில ஏதோ ஒரு இயலாமை இருக்கு எண்டு பதிஞ்ச ஆக்கள் 16 இலட்சத்துக்கு மேல. அவங்களோட வாற குடும்பத்தையும் சேத்துப் பாருங்கோ, வியாபாரமாப் பாத்தாலும் அது சின்னத் தொகை இல்ல.

டிசம்பர் லீவுக்கு முதல் உங்கள்ல ஒரே ஒரு பார்க் இதை ஒரு ரைட்ல மட்டும் செய்து பாக்க முடியுமா? ஜயண்ட் வீலா இருந்தா எங்களுக்குச் சந்தோசம். செய்யிறதெண்டா நான் நேரில வந்து கவுண்டர் ஆக்களோட இருந்து உதவி செய்ய ரெடி, காசு ஒண்டும் வேண்டாம், எனக்குத் தெரிஞ்ச இன்னும் மூண்டு அம்மாமாரும் வருவினம். கிழமை நாள்ல பிள்ளைகளை ஸ்கூல்ல விட்டிட்டு காலமை 9 மணிக்குப் பிறகு எப்பவும் ஏலும். பதிலைத் தமிழிலயோ சிங்களத்திலயோ போடுங்கோ, எது எண்டாலும் வாசிப்பன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா